வேலங்காட்டுக்கு எப்போது தீ வைப்பது?

தீ எங்கே எரிகிறது என்று செயற்கைக்கோள் சொல்லிவிடுகிறது. எரியலாமா, எப்போது எரியலாம் என்ற கேள்விக்கு 150 வருடங்களாகியும் வனத்துறைகள் தெளிவான பதில் சொல்லவில்லை.

ஹைதராபாத்தின் வடக்கே, பாலாநகரைத் தாண்டி ஜீடிமெட்லாவுக்குள் நுழைந்தால் முதலில் வரவேற்பது ரசாயன நெடி. மருந்துக் கம்பெனிகள், பிளாஸ்டிக் பட்டறைகள், லாரிகள், கழிவுநீர்க் கால்வாய். காட்டுத் தீயைப் பற்றி விசாரிக்க இதைவிடப் பொருத்தமில்லாத இடம் கிடையாது என்று தோன்றும். ஆனால் இந்தியாவில் காட்டுத் தீயைக் கவனிக்கும் முக்கியமான அமைப்புகளில் இரண்டு இந்தத் தொழிற்பேட்டையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கின்றன. தெற்கே பாலாநகரில் இஸ்ரோவின் தேசிய தொலையுணர்வு மையம். அதன் பயிற்சி வளாகம் ஜீடிமெட்லாவிலேயே இருக்கிறது. வடக்கே, சில கிலோமீட்டரில், தூலபள்ளி. அங்கே மாநில வனப் பயிற்சிக் கல்லூரியும், 1997-ல் சிறிய ஆராய்ச்சி மையமாகத் தொடங்கி 2012-ல் தரம் உயர்த்தப்பட்ட வனப் பல்லுயிர் ஆராய்ச்சி நிலையமும் உள்ளன. முதல் அமைப்பு காட்டை வானத்திலிருந்து பார்க்கிறது. தூலபள்ளியில் இருப்பவர்கள் மண்ணிலும் விதையிலும் வேலை செய்கிறார்கள்.

இரண்டுக்கும் நடுவே, வீட்டு மனைக்காரர்கள் இன்னும் விட்டுவைத்திருக்கும் பாறைத் திட்டுகளில், பழைய தக்காணத்தின் காடு கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அதைக் காடு என்று சொன்னால் கேரளத்துக்காரர் சிரிப்பார். ஆளுயர முட்செடி, அங்கங்கே குடை விரித்த வேலமரம், இடையில் புல். தெலுங்கில் கருவேலத்துக்கு நல்ல தும்ம, வெள்வேலத்துக்குத் தெல்ல தும்ம என்று பெயர். அயலூரிலிருந்து வந்த சீமைக்கருவேலத்துக்கு மக்கள் வைத்த பெயர்தான் அருமை: சர்க்கார் தும்ம. 1877-ல் கடப்பா பகுதியில் விறகுக்காக அரசாங்கம் நட்டுவிட்டுப் போனதை ஜனங்கள் மறக்கவில்லை.

பெயர் விஷயத்தில் இன்னொரு கூத்தும் நடந்தது. அகேசியா என்ற தாவரவியல் பெயர் முதலில் சூட்டப்பட்டது நம் கருவேலத்தின் இனத்துக்குத்தான். 2005-ல் வியன்னாவில் கூடிய தாவரவியலாளர்கள் அந்தப் பெயரை ஆஸ்திரேலிய மரங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். 2011-ல் மெல்போர்னில் அது உறுதியானது. கருவேலம் இப்போது வசெல்லியா. மரத்துக்கு இதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை. ஆனால் இந்த மரங்கள் நிற்கும் நிலத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர் பெரிய சேதத்தை உண்டாக்கியிருக்கிறது. அரசு ஆவணங்களில் அது ‘சீரழிந்த காடு’ அல்லது ‘புதர்க்காடு’. அதாவது, ஒரு காலத்தில் அடர்ந்த காடாக இருந்து, மனிதனும் ஆடும் நெருப்பும் சேர்ந்து கெடுத்த நிலம். அப்படியென்றால் சிகிச்சையும் தயாராக இருக்கிறது: தீயை ஒழி, ஆட்டை விரட்டு, மரம் நடு.

நோயறிதலே தவறு என்று சொல்கிறவர்கள் இன்று அதிகமாகிவிட்டார்கள். பெங்களூரைச் சேர்ந்த ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட கட்டுரையில், ஆசியாவின் புல்-மரக் கலப்பு நிலங்களில் பல மிகப் பழமையானவை, மனிதன் கோடாரி எடுப்பதற்கு முன்பே இருந்தவை என்று வாதிட்டார்கள். ஆப்பிரிக்காவில் சிங்கமும் வரிக்குதிரையும் திரியும் வேலமரச் சமவெளியை உலகம் சவானா என்று கொண்டாடுகிறது. அதன் நெருங்கிய உறவினர்தான் வெளிமான் மேயும் தக்காண முட்காடு. அதை நாம் தரிசு என்கிறோம்.

இந்த நிலத்தில் சூத்திரதாரி மரமல்ல, புல். மழைக்காலத்தில் இடுப்பளவு வளரும் ஊசிப்புல் டிசம்பரில் மஞ்சளாகி, பிப்ரவரியில் காகிதம்போல் காய்ந்துவிடும். அதன் விதைக்கு ஒரு நீண்ட முறுக்கிய வால் உண்டு. காற்றின் ஈரம் மாறும்போதெல்லாம் அந்த வால் முறுக்கிக்கொண்டும் பிரிந்துகொண்டும் இருக்கும். அந்தத் திருகலில் விதை தானாகவே மண்ணுக்குள் துளைத்துக்கொண்டு இறங்கிவிடும். மேலே நெருப்பு ஓடினாலும் கீழே விதை பத்திரம். வேலமரமும் சளைத்ததல்ல. அதன் விதையின் தோல் கல். ஆடோ மானோ நெற்றைத் தின்று கழிந்தாலும் விதை சாகாது. கன்றின் தண்டு தீயில் கருகினால் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

சிக்கல் அந்தத் துளிர்ப்பில்தான். ஒவ்வொரு வருடமும் தீ வந்தால், கன்று ஒவ்வொரு வருடமும் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து மறுபடி கருகும். வேர் கிழவனாகிவிடும், தண்டு குழந்தையாகவே இருக்கும். தீ நாக்கு எட்டாத உயரத்துக்குத் தண்டு தப்பித்துப் போக இரண்டு மூன்று வருட இடைவெளி வேண்டும். தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் 1954-லிருந்து இதற்காகவே நிலத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒன்றை வருடா வருடம், இன்னொன்றை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை, வேறொன்றை எரிக்காமலே என்று பரிசோதித்து வருகிறார்கள். நாற்பது வருட முடிவுகளைப் பார்த்த ஆய்வாளர்களுக்கு ஆச்சரியம்: தீயால் மரங்களின் எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை, அளவுதான் மாறியது. அடிக்கடி எரிந்த பாத்தியில் மரங்கள் இருந்தன, ஆனால் குட்டையாக இருந்தன.

ஆக, ‘தீ நல்லதா, கெட்டதா’ என்று கேட்பதில் அர்த்தமில்லை. எத்தனை வருடத்துக்கு ஒருமுறை, எந்த மாதத்தில் என்பதுதான் கேள்வி. இந்த விஷயத்தில் ஆங்கிலேய வனத்துறை நூறு வருடத்துக்கு முன்பே சூடு கண்டது.

1864-ல் டீட்ரிக் பிராண்டிஸ் இந்தியாவின் முதல் தலைமை வனத்துறை அதிகாரியானபோது, காட்டுத் தீ என்றால் காட்டுமிராண்டித்தனம் என்பதுதான் ஐரோப்பியப் பாடம். மத்திய மாகாணத்தின் போரிக் காட்டில் கர்னல் பியர்சன் என்ற அதிகாரி தீயை உள்ளே விடாமல் காத்துக் காட்டினார். அது முன்மாதிரியானது. தீ வைப்பது குற்றம் என்று சட்டம் வந்தது. 1927-ம் வருட இந்திய வனச் சட்டத்தின் 26-வது பிரிவு இன்றும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் சில வருடங்களிலேயே பர்மாவிலிருந்து முணுமுணுப்பு கிளம்பியது. தீயைத் தடுத்த காடுகளில் மூங்கிலும் புதரும் மண்டி, தேக்குக் கன்றுகளே காணவில்லை. 1896-ல் ஸ்லேட் என்ற அதிகாரி வனத்துறைப் பத்திரிகையில், பர்மாவில் தீத்தடுப்பு மிதமிஞ்சிப் போய்விட்டது என்று தலைப்பிலேயே எழுதினார். வங்காளத்திலும் அசாமிலும் சால் மரக் காடுகளில் அதே கதை. கடைசியில் அதிகாரிகளே குளிர்காலத்தில், புல் பாதி பச்சையாக இருக்கும்போது, தாங்களே தீ வைக்க ஆரம்பித்தார்கள். ‘முன்பருவ எரிப்பு’ என்று அதற்குக் கௌரவமான பெயரும் கிடைத்தது. கிராமத்து ஆள் செய்தால் குற்றம், ரேஞ்சர் செய்தால் விஞ்ஞானம்.

அந்த விஞ்ஞானம் சோளகர்களுக்கு முன்பே தெரியும். கர்நாடகத்தின் பிளிகிரிரங்கன் மலையில் அவர்கள் வைத்த தீக்கு ‘தரகு பெங்கி’ என்று பெயர். தரகு என்றால் சருகு. கோடை முற்றுவதற்கு முன், தரையில் கிடக்கும் சருகை மட்டும் கொளுத்தும் சின்னத் தீ. 1974-ல் மலை சரணாலயமானது. தீ வைப்பது நின்றது. பிறகு வந்தது உன்னிச்செடி. ஆரஞ்சும் மஞ்சளுமாகப் பூத்து, ஆங்கிலேயர் தோட்டத்திலிருந்து தப்பிய இந்தப் புதர், காட்டின் அடித்தளத்தையே நிரப்பிவிட்டது. உன்னி மண்டியதற்குத் தீத்தடை மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் முன்பெல்லாம் சருகுத் தீ இளம் உன்னியைக் கொன்றுவிடும் என்று சோளகர்கள் சொன்னதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆளுயரம் வளர்ந்த உன்னியில் இன்று தீப் பிடித்தால் அது தரையோடு போகாது. மரத்தின் கிளை வரை ஏறும். எரிந்த இடத்தில் மறுபடி முதலில் துளிர்ப்பதும் உன்னிதான். 2011-ல் சோளகர்களுக்கு வன உரிமைச் சட்டத்தின்படி சமூக உரிமைகள் கிடைத்தன. தீ வைக்கும் உரிமை அதில் சேராது.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, பழங்குடிக்குத் தீப்பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பது அவசரம். முதுமலைக் காட்டின் பழைய பதிவுகளையும் புதிய பதிவுகளையும் ஒப்பிட்ட நரேந்திரன் கோதண்டபாணி, ராமன் சுகுமார் குழுவினர் 2004-ல் வெளியிட்ட கணக்கு இது: 1909-21 காலகட்டத்தில் ஒரே இடம் மறுபடி எரிய சராசரியாகப் பத்து வருடம் ஆனது, 1989-2002-ல் 3.3 வருடம்தான். மூன்று மடங்கு வேகம். இது சருகுத் தீயல்ல. சாலையும் கால்நடையும் சுற்றுலாவும் விறகுத் தேவையும் கொண்டுவந்த தீ. பெரும்பாலும் கோடையின் உச்சத்தில் வரும் தீ.

தெலங்கானாவில் இதற்கு இரண்டு காரணங்கள் கூடுதல். ஒன்று பீடி இலை, தெலுங்கில் துனிகாக்கு. பிப்ரவரி, மார்ச்சில் புதரை வெட்டிவிட்டால் ஏப்ரலில் மெத்தென்ற புது இலை வரும். வெட்டக் கூலி கொடுக்க வேண்டும். தீ வைத்தால் ஒரு தீக்குச்சிச் செலவு. எரிந்த வேரிலிருந்தும் இளம் இலை வரத்தான் செய்கிறது. கோடை வெயிலில் வேறு வேலையில்லாத குடும்பங்களுக்கு இந்த இலை சில வாரச் சம்பளம். இன்னொன்று இப்பைப் பூ, நம் இலுப்பையின் தங்கை. மார்ச்சில் பூ உதிரும்போது சருகுக்குள் விழுந்தால் பொறுக்க முடியாது. அதனால் மரத்தடியைக் கொளுத்திச் சுத்தம் செய்கிறார்கள். மரத்தடித் தீ மரத்தடியிலேயே நிற்குமா?

ஹைதராபாத்திலிருந்து ஸ்ரீசைலம் போகும் நெடுஞ்சாலை, அம்ராபாத் புலிகள் காப்பகத்தின் ஊடாகச் செல்கிறது. நல்லமலையின் தெலங்கானாப் பக்கம் இது. 2,600 சதுர கி.மீ.க்கு மேல் பரப்பு. இலையுதிர் காடும் முட்காடும் புல்மேடும் கலந்த நிலம். இங்கே தீயணைப்பு வண்டி என்பது ஏறக்குறைய அர்த்தமற்ற சொல். பாதையில்லாத சரிவில் வண்டி எங்கே போகும்? வேலை செய்வது மனிதர்கள்தான். அவர்களில் பலர் செஞ்சுக்கள். இந்த மலையின் பூர்வகுடிகள். முகாம்களில் தங்கிக் காவல் காக்கிறார்கள். கருவிகள் எளியவை: பச்சைக் கிளை, அரிவாள், அண்மைக் காலத்தில் இலையை ஊதித் தள்ளும் எந்திரம். எதிர்த் தீ வைப்பது கடைசி ஆயுதம். காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாதவன் அதைத் தொடக்கூடாது.

காற்றையும் சரிவையும் குறைவாக எடைபோட்டால் என்ன நடக்கும் என்பது தமிழ் வாசகர்களுக்குத் தெரியும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேறச் சென்றவர்களைத் தீ சூழ்ந்தது. 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அது மரம் எரிந்த தீயல்ல. காய்ந்த புல் எரிந்த தீ. சரிவில் மேல்நோக்கி ஏறும்போது தீ தனக்கு முன்னால் இருக்கும் புல்லைத் தானே உலர்த்திக்கொண்டு போகும். ஓடுகிறவர்களால் அதைத் தாண்ட முடியாது.

வானத்துக் கண்ணுக்கு வருவோம். 2004-லிருந்து டேராடூனில் உள்ள இந்திய வன அளவைத் துறை, செயற்கைக்கோள் தகவலை வைத்து மாநிலங்களுக்குத் தீ எச்சரிக்கை அனுப்பி வருகிறது. அதற்கான ஆரம்பகாலக் கருவி, அமெரிக்காவின் டெர்ரா, அக்வா செயற்கைக்கோள்களில் இருந்த மோடிஸ். ஒரு கி.மீ. பக்கமுள்ள சதுரத்தை ஒரு புள்ளியாகப் பார்க்கும் கண் அது. அடுத்து வந்த வி.ஐ.ஐ.ஆர்.எஸ். கருவி 375 மீட்டர் வரை கூர்மையானது. ஹைதராபாத் மையமும் ஷாத்நகரில் உள்ள தன் தரைநிலையத்தில் தகவலை வாங்கி, பூவன் இணையதளத்தில் தீப்புள்ளிகளை வெளியிடத் தொடங்கியது. வெப்பமான பொருள் வெளிவிடும் கண்ணுக்குத் தெரியாத கதிரைப் பிடிப்பதுதான் அடிப்படைத் தந்திரம். சூரியன் சுட்ட பாறையும் ஓரளவு வெப்பத்தை வீசும் என்பதால், சுற்றியுள்ள இடத்தைவிட எவ்வளவு வித்தியாசம் என்று கணக்குப் போட்டுத்தான் ‘தீ’ என்று முடிவு செய்கிறார்கள்.

மிகப் பெரிய சாதனைதான். ஆனால் அதன் எல்லையும் தெரிய வேண்டும். துருவத்தைச் சுற்றும் செயற்கைக்கோள் பிற்பகல் ஒன்றரை மணி வாக்கிலும், அதிகாலையில் அதே நேரத்திலும் தலைக்கு மேல் போகும். மூன்று மணிக்குப் பற்றி ஏழு மணிக்கு அணைந்த தீ அதற்குத் தெரியாது. 2013-ல் ஏவப்பட்ட இன்சாட்-3டி அரை மணிக்கு ஒருமுறை பார்த்தது. ஆனால் நான்கு கி.மீ. பருமனான பார்வை. சின்னத் தீ கண்ணில் படாது. அதைவிட முக்கியம்: இலையடியில் ஊர்ந்து போகும் சருகுத் தீ, அதாவது காட்டுக்குக் குறைவான கெடுதல் செய்யும் தீ, பெரும்பாலும் தப்பிவிடும். கோடையின் கொடுந்தீ தவறாமல் பதிவாகும்.

எண்ணிக்கையைப் படிப்பதிலும் நிதானம் வேண்டும். 2020 நவம்பரிலிருந்து 2021 ஜூன் வரை நாட்டின் காடுகளில் 3.45 லட்சம் தீப்புள்ளிகள் பதிவாயின. அதற்கு முந்தைய பருவத்தில் 1.24 லட்சம். ஒரே வருடத்தில் இந்தியா பற்றி எரிந்துவிட்டது என்று தலைப்புச் செய்தி போடலாம். ஒரு பெரிய தீ நாலு நாள் எரிந்தால் பல புள்ளிகளாகும் என்பதையும், முந்தைய வருடம் மழை எவ்வளவு புல்லை வளர்த்துவிட்டுப் போனது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் தலைப்பு கொஞ்சம் சுருதி குறையும். உலக வங்கியும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமும் சேர்ந்து 2018-ல் வெளியிட்ட அறிக்கையில் உபயோகமான தகவல் வேறொன்று. 2003-2016 காலத்தில் கண்டறியப்பட்ட காட்டுத் தீக்களில் 44 சதவிகிதம் வெறும் 20 மாவட்டங்களில் நடந்தவை. நாட்டின் நிலப்பரப்பில் அவை 3 சதவிகிதம்தான். தீ எல்லா இடத்திலும் வருவதில்லை. வந்த இடத்துக்கே வருகிறது. அப்படியானால் எங்கே, எப்போது ஆள் வேண்டும் என்பது வருடத் தொடக்கத்திலேயே தெரிந்த விஷயம்.

தீ வரும் மாதம் பிப்ரவரி என்றால், வேலை நடக்க வேண்டிய மாதம் டிசம்பர். தீத்தடுப்புக் கோடு என்பது காட்டைத் துண்டு துண்டாகப் பிரிக்கும் வெற்றுப் பட்டை. அதில் வளர்ந்த புல்லை அறுத்து, காயவைத்து, ஜனவரிக்குள் காவலோடு எரித்துவிட வேண்டும். பிறகு பட்டையில் விழும் சருகைத் தொடர்ந்து கூட்ட வேண்டும். மார்ச் மாதம் போட்ட கோடு, தீ ஓடிய பாதையின் ஓரத்தில் போட்ட கோடுதான். தற்காலிகத் தீக்காவலர்களை எப்போது வேலைக்கு எடுக்கிறார்கள், கூலி எப்போது கைக்கு வருகிறது என்பதில்தான் அந்த வருடக் காட்டின் ஜாதகம் இருக்கிறது. அதைக் காட்டும் செயற்கைக்கோள் எதுவும் இல்லை.

இந்த நிலத்தில் மரம் நடும் இயக்கமும் குறுக்கே வந்தது. 2015 ஜூலையில் தெலங்கானா அரசு தொடங்கிய ஹரித ஹாரம் திட்டத்தில் கோடிக்கணக்கில் கன்றுகள் நடப்பட்டன. சாலையோரத்திலும் ஊர்ப் பொதுநிலத்திலும் அது வரவேற்கத்தக்கது. புல் நிறைந்த முட்காட்டுக்குள் நட்டால் விஷயம் வேறு. வேலி போட்டு மேய்ச்சலை நிறுத்துகிறார்கள். மேயாத புல் எரிபொருளாகக் குவிகிறது. நட்ட கன்றுக்கு வேலமரத்தின் வேர் கிடையாது. ஒரு தீயில் முடிந்துவிடும். ஆட்டுக்காரனைக் காட்டின் எதிரியாக மட்டுமே பார்க்கும் அதிகாரிகள் இதை யோசித்துப் பார்க்கலாம்: ஜனவரி வரை அளவாக மேய்ந்த நிலத்தில் கோடைத் தீக்குத் தின்ன ஒன்றும் இருக்காது. அளவு மீறினால் புல்லும் போய், சர்க்கார் தும்ம வந்து உட்கார்ந்துகொள்ளும். அதன் நிழலில் புல் முளைப்பதில்லை, தீயும் வருவதில்லை. வெளிமானும் வருவதில்லை.

வடக்கு ஆஸ்திரேலியாவின் மேற்கு ஆர்னம் நிலத்தில் 2006-ல் நடந்த ஏற்பாடு இங்கே கவனிக்கத்தக்கது. அங்கே பழங்குடிக் காவலர்கள் வறட்சியின் தொடக்கத்திலேயே நிலத்தைத் திட்டுத் திட்டாக எரிக்கிறார்கள். பின்பருவப் பெருந்தீ குறைகிறது, புகை குறைகிறது. குறைந்த புகைக்கு ஈடாக, டார்வினில் இயங்கிய எரிவாயு ஆலை அவர்களுக்குப் பணம் கொடுத்தது. அதை அப்படியே நல்லமலைக்குக் கொண்டுவர முடியாது. அங்கே சில நூறு பேருக்கு ஒரு மாவட்ட அளவு நிலம். இங்கே காட்டோரம் முழுக்கக் கிராமம். ஆனால் தீ வைக்கத் தெரிந்தவனுக்குத் தீயைத் தடுப்பதற்காகவே சம்பளம் என்ற யோசனை இறக்குமதி செய்ய வேண்டிய சரக்கல்ல. பீடி இலைப் புதரைத் தீ வைக்காமல் வெட்டிவிட, குத்தகைப் பகுதிவாரியாகக் கூலி கொடுக்கும் முறை ஏற்கெனவே இருக்கிறது. அந்தக் கூலி நேரத்துக்குக் கிடைக்கும் இடத்தில் தீக்குச்சிக்கு வேலையில்லை.

முன்பருவ எரிப்பைப் பரிசோதித்துப் பார்க்க 2,600 சதுர கி.மீ. தேவையில்லை. க்ரூகரில் செய்ததுபோல் சில பாத்திகள் போதும்: ஒன்று ஜனவரியில், ஒன்று மூன்று வருடத்துக்கு ஒருமுறை, ஒன்று எரிக்காமல், ஒன்று மேய்ச்சலோடு. கணக்கெடுக்கத் தாவரவியலாளர்கள் தூலபள்ளியில் இருக்கிறார்கள். படம் எடுத்துக் கொடுப்பவர்கள் பாலாநகரில். இரண்டு அலுவலகங்களுக்கும் இடையே ஜீடிமெட்லா லாரிகளில் சிக்காமல் போனால் முக்கால் மணி நேரப் பயணம். ஆனால் காட்டுக்குள் ஒரு பாத்தியைக் கொளுத்த முதலில் யாராவது ஒரு அதிகாரி கோப்பில் கையெழுத்துப் போட வேண்டும். தீ எல்லை மீறினால் அந்தக் கையெழுத்துக்குச் சொந்தக்காரர் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். மார்ச்சில் தானாக வரும் தீக்கு அப்படி யாரும் கையெழுத்துப் போடுவதில்லை.